குழாய்க்குப் போட்ட கட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தி வீட்டுக் குளியலறைக் குழாயில் ஒரு கட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுவார்களே, அதே வெள்ளைக் கட்டுத்துணி. திருகுகிற பிடியைச் சுற்றிச் சுற்றி, கடைசி நுனியை இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போட்டு, சித்தியே கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் கை ஒடிந்த சின்னப் பிள்ளை ஒன்று சுவரோரம் நிற்பது போலிருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் குழாயில் கரண்ட் இருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பெரியவளே, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். பழைய வீடுகளில் குடியிருக்கிற மற்ற பிள்ளைகளும் படித்தால் நல்லது. அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன், காலேஜ் பஸ் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால், பெரியவளே, நீ திருத்திவிடு. எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் நான் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதையும், புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்ப்பதையும் நீங்கள் கேலி செய்கிறீர்கள். போன பொங்கலுக்கு மாமா வீட்டில் எல்லார் முன்னாலும் தம்பி அதை நடித்தே காட்டினான். எனக்குக் கோபம் வரவில்லை. தம்பி, நடந்தபோது நீ பிறக்கவே இல்லை. பெரியவள் அந்த இடத்திலேயேதான் இருந்தாள். ஆனால் மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஞாபகம் எல்லாம் எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கச்சி. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் டவுன் பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புவாள். நாள் முழுக்க வெள்ளைத் துணியை அளவாகச் சுருட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடுகிற வேலை. ராஜபாளையத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும்போது, எதிரே வருகிற டவுன் பஸ் ஜன்னலில் சில நாள் அவள் முகம் தெரியும். என் ஹாரன் சத்தம் அவளுக்கு அத்துப்படி. கையை வெளியே நீட்டி ஆட்டுவாள். நேரில் பார்த்தால் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஏலே, அம்புட்டுப் பெரிய பஸ்ஸ வச்சிக்கிட்டு ஒருநாளாவது என்னைய ஏத்தியிருக்கியா?" காலேஜ் பஸ்ஸில் வெளியாளை ஏற்றக்கூடாது சித்தி என்று சொன்னால், "நான் வெளியாளாலே உனக்கு?" என்று முறைப்பாள். முறைத்துக்கொண்டே தட்டில் இன்னொரு தோசையைப் போடுவாள்.

அவளுக்குக் குதிகால் வலி உண்டு. நின்றே வேலை பார்க்கிற பெண்களுக்கு எல்லாம் வருவதுதான். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் செருப்பைப் போட்டு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு நீலச் செருப்பு அவள் காலிலேயே கிடந்தது. சாமி படம் இருக்கிற அறை வாசலில் கழற்றுவாள், குளிக்கும்போது கழற்றுவாள், அவ்வளவுதான். அந்தத் தெருவில் வீட்டுக்குள் செருப்போடு நடப்பது பெரிய குற்றம். எதிர்வீட்டு மதினி அதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பார். அந்த நீலச் செருப்பு என் சித்தியை எத்தனை முறை காப்பாற்றியதோ, அதை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

வீடு, சித்தப்பாவின் தாத்தா கட்டியது. மண்ணும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய கனத்த சுவர். கரண்டும் குழாயும் பிற்பாடு வந்தவை. தெருவிலிருந்து ஒரே ஒரு இரும்புக் குழாய் முற்றத்து மண்ணுக்கு அடியில் வந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு குளியலறையில் தலையை நீட்டும். வீட்டுக்கு உள்ளே குழாய் என்றால் அது ஒன்றுதான். சமையலுக்கும் அங்கேயிருந்துதான் குடத்தில் பிடித்துக்கொண்டு போகவேண்டும். சித்தப்பா மட்டும் பின்பக்கத்து அடிபம்பில் குளிப்பார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், கூரைக்குக் கீழே குளித்தால் குளித்த மாதிரியே இல்லை என்பார்.

பழைய வீட்டு இரும்புக் குழாய் உயிருள்ள ஒன்றைப்போலத்தான் இருக்கும். நகராட்சித் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறை வரும். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். குழாய் இருமும், உறுமும், செம்மண் நிறத்தில் துரு கக்கும், பிறகுதான் தண்ணீர். உப்பு படிந்து படிந்து உள்ளே துவாரம் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் சுவரில் ஈரம் ஒரு படம்போலப் பரவும்போதுதான் எங்கேயோ அது அரித்துப்போயிருப்பது தெரியவரும்.

அந்தக் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் மெலிசான செம்புக் கம்பி ஒன்று சுற்றியிருந்தது. வீட்டுக்கு வயரிங் செய்த யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் சுற்றியது. வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறவர்கள் அதன் மேலும் சேர்த்து அடித்து அடித்து, அது சுவரோடு சுவராகப் போயிருந்தது. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும். வீட்டில் ஏதாவது ஒரு சாமானில் கரண்ட் கசிந்தால், அந்தக் கம்பி அதைக் குழாய்க்குக் கொண்டுபோகும். குழாய் மண்ணுக்குக் கொண்டுபோகும். மண் வாங்கிக்கொள்ளும். நமக்கு ஒன்றும் ஆகாது. அதைத்தான் எர்த் என்கிறார்கள். எர்த்துக்கு என்று தனியாகக் குழி தோண்டாமல் தண்ணீர்க் குழாயிலேயே சுற்றிவிட்டுப் போன வீடுகள் அந்தத் தெருவில் நிறைய.

குழாய் உடைந்தது தேர்த் திருவிழாச் சமயத்தில். தண்ணீர் வருகிற நாள் வேறு. நான் போய் இறங்கும்போது முற்றம் குளமாகக் கிடந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் பொங்கி, நேராக வீட்டுச் சுவரின் அடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மண்சுவர் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியால் அள்ளி அள்ளித் தெருவில் ஊற்றினாள். சித்தப்பா அரைக்கால் டவுசரோடு குழிக்குள் நின்றார். குழாயைத் தொட்டதும் அது ஊறிய முறுக்குபோலக் கையோடு வந்தது. சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார். அது கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு பீய்ச்சியடித்தது. பிளம்பருக்குப் போன் போட்டால், அவர் தேர் பார்க்கிற கூட்டத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில் "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்றார்.

"நாளைக்கு வாரானாம்ல. நாளைக்கு வந்து சொவத்துக்கு எழவுக் கொட்டா அடிக்கப் போறான்?" என்றார் சித்தப்பா. என்னை அனுப்பிக் கடையிலிருந்து பிளாஸ்டிக் குழாய் வாங்கிவரச் செய்தார். தெருவில் இருந்த வால்வை அடைத்தார். அரித்துப்போன பகுதியை அறுத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனைகளையும் தீயில் வாட்டி, இளகின சூட்டோடு இரும்பின் மேல் ஏற்றினார். ஆறினதும் அது கவ்வி இறுகிக்கொண்டது. வால்வைத் திறந்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. "பட்டாளத்துல ஆத்துக்கே பாலம் போட்ட கை இது" என்று சேற்றுக் கையைத் தூக்கிக் காட்டினார். சித்தி கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அந்த வீடு தப்பித்தது என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். மண்ணுக்குள் இருந்த இரும்புக்கும் வீட்டுக்குள் இருந்த இரும்புக்கும் நடுவில் இப்போது பிளாஸ்டிக் இருந்தது. தண்ணீர் அதன் வழியாகப் போகும். கரண்ட் போகாது.

அதன் பிறகு கொஞ்ச நாளில்தான் சித்திக்குக் கை கடுக்க ஆரம்பித்தது.

கை கடுக்குது என்பது எங்கள் பக்கத்தில் தினமும் காதில் விழுகிற பேச்சு. களையெடுத்தால் கை கடுக்கும், மாவாட்டினால் கடுக்கும். சித்தியின் கம்பெனியில் துணி சுருட்டுகிற பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லுவார்கள். அதனால் அவள் சொன்னபோது யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கூட வேலை பார்க்கிற பெண்கள் தைலம் கொடுத்தார்கள். எதிர்வீட்டு மதினி தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். டாக்டர், நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார். "முழங்கை வரைக்கும் வெடுக்குனு ஏறுதுய்யா. செத்த நேரத்துல போயிருது" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். குழாயைத் திறக்கும்போதுதான் அதிகமாக இருக்கிறது என்றும் சொன்னாள். பழைய குழாய், இறுகிப்போயிருக்கும், திருகத் திருக வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் சித்தப்பா பிடியைக் கழற்றி எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

வலது கையை விட்டுவிட்டு இடது கையால் திறந்து பார்த்தாள். இடது கையும் கடுத்தது. "என்ன, அங்கன இருந்து இங்கன டிரான்ஸ்பர் ஆயிருச்சா?" என்று சித்தப்பா கேட்டார். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் கம்பெனியில் கழித்துப் போட்ட கட்டுத்துணியைக் கொண்டுவந்து பிடியில் மெத்தென்று சுற்றிவிட்டாள். மதினி வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, குழாய்க்கு எங்கன அடிபட்டுச்சு? கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருக்க?" என்றார். "அது மாடிலருந்து விழுந்துருச்சு மதினி. ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பாருங்க" என்றாள் சித்தி. துணி காய்ந்திருக்கிற வரைக்கும் வலி குறைந்தது. அதனால் அவளுக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

நான் பல தடவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "ஷாக் அடிக்குது" என்று ஒரே ஒரு தடவை அவள் சொல்லியிருந்தால் வீடே எழுந்து நின்றிருக்கும். ஆனால் அவளுக்கு வாழ்க்கையில் ஒருமுறைகூட ஷாக் அடித்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரிந்த வலி ஒன்றுதான், அந்த வலிக்குத் தெரிந்த பேரும் ஒன்றுதான். அதையே இதற்கும் வைத்தாள். நாங்களும் அந்தப் பேருக்குத்தான் மருந்து போட்டோம். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அவளுக்கு அது வலியாக மட்டும் இருந்தது. தண்ணீரை அளந்து செலவு செய்கிற ஊர் என்பதால், செருப்புக் காலோடு வாளியை நிரப்பி, குழாயை மூடிவிட்டு, பிறகு செருப்பைக் கழற்றி வைத்து மொண்டு குளிப்பது அவள் வழக்கம். ஈரக் காலோடு அவள் அதைத் தொட்டதே இல்லை. இது எதுவும் அவள் தெரிந்து செய்ததில்லை. 

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். காலேஜுக்கு லீவு. நானும் உங்கள் அம்மாவும் பெரியவளும் சித்தி வீட்டில் இருந்தோம். குழாயில் தண்ணீர் வருகிற நாள். சரியான வெக்கை. பெரியவளே, நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணியில் விடு, தண்ணியில் விடு என்று ஒரே அழுகை. சித்தி போய்ச் சமையலுக்கு ஒரு குடம் பிடித்துவிட்டு உங்களுக்கு வழிவிட்டாள். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் குழாயைப் பார்த்து, "சின்னத்தை, இந்தத் துணி ஊறிப்போயி வாடை அடிக்குதே" என்றாள். "அவுத்துப் போடு தாயி, நான் வேற கட்டிக்கிடுதேன்" என்று சித்தி கூடத்திலிருந்து சொன்னாள். அம்மா கட்டை அவிழ்த்துத் துவைக்கப் போட்டாள். உன்னைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார வைத்தாள். நீ தண்ணீரை அடித்து அடித்து விளையாடுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

நானும் சித்தப்பாவும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். சித்தி முருங்கைக்கீரையை எடுத்து வைத்து உருவ ஆரம்பித்தாள். உருவிக்கொண்டே, "இன்னைக்கு எங்கை கடுக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. போன தடவ கரண்டு நிப்பாட்டுன அன்னைக்கும் இப்பிடித்தான். கரண்டு ஆபீசு லீவு விட்டா எங்கைக்கும் லீவு போல" என்றாள்.

"பொறவு என்ன, உங்கைக்கும் அங்கனதான் உத்தியோகமோ என்னமோ" என்று சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

"ஏட்டி, இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"அதான், கரண்டு இல்லாத அன்னைக்கு..." என்று தொடங்கிய சித்தியும் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனதை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் தெருமுனையில் பிள்ளைகள் "ஏஏய்" என்று கத்தினார்கள். கரண்ட் வந்தால் கத்துவார்களே, அந்தக் கத்தல். எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி நெட்டி முறித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. மூலையில் இருந்த பழைய பிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கியது.

"மெயின அமத்து! மெயின அமத்துட்டி!" சித்தப்பா கத்தினார். முழங்கால் கெட்டுப்போனவர், தரையிலிருந்து சட்டென்று எழ முடியாமல் கைகளை ஊன்றித் தவித்தார். சித்தி கீரையை உதறிவிட்டு முன்பக்கம் ஓடினாள். நான் பின்பக்கம் ஓடினேன்.

குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. உங்கள் அம்மா ஈரத்தரையில் வெறுங்காலோடு குழாயைப் பிடித்தபடி நின்றாள். கத்தவில்லை, அசையவும் இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, அவள் என்னிடம் ஏதோ சொல்ல முயல்வது தெரிந்தது. பெரியவளே, அம்மா சிலை விளையாட்டு விளையாடுகிறாள் என்று நீ நினைத்துக்கொண்டாய். தொட்டிக்குள் எழுந்து நின்று, சொட்டச் சொட்ட, சிரித்துக்கொண்டே அவளைத் தொட்டு அவுட்டாக்கக் கையை நீட்டினாய். நானும் அவளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினேன். தொட்டிருந்தால் நானும் ஒட்டிக்கொண்டிருப்பேன். அது அப்போது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. உன் விரலுக்கும் அவள் பாவாடைக்கும் நடுவில் இருந்த இடத்தை நான் பார்த்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

முன்பக்கத்திலிருந்து டடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மா அப்படியே சரிந்து ஈரத்தரையில் உட்கார்ந்தாள். நீ அவள் தலையில் கையை வைத்து "அவுட்டு" என்றாய்.

மெயின் சுவிட்ச் உயரத்தில் இருந்த இரும்புப் பெட்டி. சித்தி குட்டை. கீழே இருந்த அரிசி டின்னில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் துருவேறி இருந்த கைப்பிடி, அசையவில்லை. கால் இரண்டையும் டின்னிலிருந்து எடுத்துவிட்டு, முழு உடம்போடு அதில் தொங்கியிருக்கிறாள். கடுக்குது கடுக்குது என்று நாங்கள் தைலம் தேய்த்த அதே கைகள். நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வரும்போது அவள் தரையில் விழுந்து கிடந்தாள். கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. எழுந்திருக்காமலேயே கேட்டாள், "பிள்ள?" நான் தலையை ஆட்டினேன். "அவ?" அதற்கும் ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை அன்று முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். உள்ளங்கையில் வெந்த தடம் மட்டும் இருந்தது. சப்பாத்தி உருட்டும்போது அம்மா கையில் கோடாகத் தெரிகிறதே, அது என்ன என்று, தம்பி, நீ கேட்டிருக்கிறாய். அது இதுதான்.

மறுநாள் வயர்மேன் பாய் வந்தார். அந்தத் தெருவுக்கே அவர்தான் வேலை பார்க்கிறவர். இரண்டு வயர் கட்டிய ஒரு குண்டு பல்பைக் கொண்டுவந்து, ஒரு வயரைக் குழாயில் வைத்தார். இன்னொன்றை முற்றத்து ஈர மண்ணில் அடித்த கம்பியில் கட்டினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். பல்பு எரிந்தது. மங்கலாக, சிவப்பாக, ஆனால் எரிந்தது. தண்ணீர்க் குழாயில் விளக்கு எரிவதைத் தெருவே வந்து நின்று பார்த்தது.  "பிரிட்ஜுல கசியுது. அது எர்த் கம்பி வழியா குழாய்க்கு வந்துருது. முன்னாடின்னா குழாயோடயே மண்ணுக்குள்ள எறங்கிரும். இப்ப நடுவுல பிளாஸ்டிக்கு கெடக்கா, போக வழியில்லாம குழாய்லயே நிக்கி. யாரு தொடுதாவளோ அவங்க வழியா எறங்கும்" என்றார் பாய். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உங்க வீட்டுலயெல்லாம் குழாய் உடைஞ்சப்ப என்னத்தப் போட்டிய?" என்று கேட்டார். எதிர்வீட்டு மதினி வாயில் சேலையை வைத்து அமுக்கிக்கொண்டு, மருமகள் பேரைச் சொல்லிக் கத்தியபடி தன் வீட்டைப் பார்த்து ஓடினார். அப்புறம் ஒவ்வொருவராக ஓடினார்கள். அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் யாரும் குளிக்கவில்லை.

சித்தப்பா முற்றத்தில், தான் தோண்டி மூடிய இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாலம் போட்டேன்னு சொன்னேன். அறுத்துல்ல விட்டிருக்கேன்" என்றார். சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்க தண்ணிக்குத்தான போட்டீய. தண்ணி ஒழுங்காத்தான வந்துச்சு" என்றாள்.  கொஞ்சம் கழித்து, "டிரான்ஸ்பர் ஆயிருச்சான்னு கேட்டேனேட்டி உங்கிட்ட" என்றார். "நானுந்தான சிரிச்சேன்" என்றாள். 

இப்போது அந்த வீட்டில் எர்த்துக்குத் தனியாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கியிருக்கிறது. கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச் மாட்டியிருக்கிறது. எர்த் குழி காயக்கூடாது என்று பாய் சொன்னதால், சித்தப்பா தவறாமல் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் அதில் ஊற்றுகிறார். தெரியாதவர்கள் பார்த்தால், செடியே இல்லாத இடத்துக்குக் கிழவர் எதற்குத் தண்ணீர் விடுகிறார் என்று நினைப்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் அந்த ஒரு வாளியை அவர் நிறுத்தியதில்லை. சித்தி கம்பெனியிலிருந்து நின்றுவிட்டாள். இப்போது அவளுக்கு நிஜமாகவே கை கடுக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை அவள் சொல்வதில்லை. சித்தப்பா காதில் விழும்படி சொல்லவே மாட்டாள். "சும்மா மரத்த மாதிரி இருக்குய்யா" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்வாள்.

பிள்ளைகளே, உங்களுக்கு எங்கேயாவது வலித்தால், வலிக்கிறது என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எங்கே வலித்தது, அப்போது எதைத் தொட்டுக்கொண்டிருந்தீர்கள், காலில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் சிரித்தால்கூட விடாமல் சொல்லுங்கள். யாராவது கரண்டில் ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அம்மாவாக இருந்தாலும், அப்பாவாக இருந்தாலும்.  அன்றைக்கு நான் மெயினைப் பார்த்து ஓடவில்லை, இனி ஒருமுறை நடந்தாலும் ஓடுவேனா என்று எனக்குத் தெரியாது.

ராஜபாளையத்தில் நாம் இப்போது இருக்கிற வாடகை வீடும் பழசுதான். குடிவந்த வாரமே பாயை வரவழைத்து எல்லாவற்றையும் சோதித்து, வேண்டியதை மாட்டிவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அது புத்திக்குத் தெரிகிறது, உடம்புக்குத்தான் தெரியமாட்டேன் என்கிறது. பெரியவளே, நீ வளர்ந்துவிட்டாய். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகக் குளிக்கிறாய். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் நான் மூச்சு விடுவேன். சத்தம் நின்றால் எனக்கும் நின்றுபோகும்.

நேற்று அப்படி நின்றது. நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"என்னம்மா?" என்று கேட்டேன்.

"சோப்பு போடுறேன்ப்பா" என்றாய். பிறகு, "அங்கனேயா நிக்கிறீங்க?" என்று கேட்டாய்.

"இல்லம்மா. நான் கூடத்துல பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கேன்."

உள்ளே சோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

"கதவுக்கு அடியில உங்க காலு தெரியுதுப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. உன் வயதுக்கு மீறின பொறுமையோடு சொன்னாய். நான் நகரவில்லை. நீயும் போகச் சொல்லவில்லை. தண்ணீர்ச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்துவிட்டாய்.